லைசென்ஸ் ஒரு கவுன்சிலில், ஓட்டம் ஊரெங்கும்: சிறிய மினிகேப் நிறுவனங்கள் என்ன செய்வது?

எல்லையோரம்
2026 பெப்ரவரி 8, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், லண்டன் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பதினொரு கார்களுடன் மினிகேப் (முன்பதிவு செய்து அழைக்கும் தனியார் வாடகைக் கார்) நிறுவனம் நடத்துகிறேன். ஒன்பது ஆண்டுகளாகிறது. என் கடை வாசலில் நின்றால் ஒரு சுற்றுவட்டம் தெரியும். அதற்கு அப்பால் லண்டன். சுற்றுவட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம்.

சென்ற மாதம், என்னிடம் எட்டு ஆண்டுகள் ஓடிய சாரதி ஒருவர் வந்தார். "அண்ணா, இந்த முறை பேட்ஜை இங்கே புதுப்பிக்கவில்லை. வேறு ஊரில் எடுத்துவிட்டேன்" என்றார். பேட்ஜ் என்பது கவுன்சில் கொடுக்கும் சாரதி லைசென்ஸ். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், காருக்கு வயது வரம்பு இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை விற்றுவிட்டுப் புதிதாகக் கடன் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஆறு வாரங்கள் ஆகின்றன. அந்த ஊரில் எல்லாவற்றையும் இணையத்திலேயே முடித்துவிடலாம். மூன்று பிள்ளைகளின் தகப்பன், வருமானம் இல்லாமல் எத்தனை வாரம் காத்திருப்பார்?

ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஓர் ஓட்டம்கூட என்னால் கொடுக்க முடியாது. 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் ஆப்பரேட்டர் லைசென்ஸ், காரின் லைசென்ஸான பிளேட், சாரதியின் பேட்ஜ் ஆகிய மூன்றும் ஒரே கவுன்சிலுடையதாக இருக்க வேண்டும். அவர் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேட்ஜ் கொடுத்த ஊரோ மோட்டார்வேயில் இரண்டரை மணி நேரம். மாலையில் இதே ஊரில், இதே ரயில் நிலையத்தடியில், செயலி நிறுவனத்துக்காக ஓடுகிறார். என்னிடம் தொலைபேசியில் கார் கேட்கும் வயதான அம்மாக்கள் அவருடைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிப் போனவர்களில் இவர் நான்காமவர். ஏழு கார்கள் ஓடுகின்றன. நான்கு பேருக்குப் பதிலாக ஆள் கிடைக்கவில்லை.

அந்தத் தூர ஊரில் நானும் ஆப்பரேட்டர் லைசென்ஸ் எடுக்கலாமா? அல்லது லண்டனுக்கு விண்ணப்பிப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய வானொலி
பெப்ரவரி 9, காலை 6.15

தம்பி, உங்கள் பதிவை இரவுப்பணி முடித்து வந்து வாசித்தேன். ஹரோவில் முப்பது ஆண்டுகளாக ஓடுகிறவன் நான்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். ஆப்பரேட்டர் லைசென்ஸ் எங்கே எடுக்கிறீர்களோ, முன்பதிவை ஏற்கும் இடமும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்தத் தூர ஊரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பதிவேடு வைத்து, அதிகாரி வந்து கேட்டால் காட்ட ஆள் வைக்க வேண்டும். லண்டனிலும் அப்படித்தான், லண்டனுக்குள் ஒரு முகவரி வேண்டும். அதற்குமேல் அங்கே லைசென்ஸ் பெறுவது போக்குவரத்து ஆணையமான டிஎஃப்எல்லிடம். அந்த ஆப்பரேட்டருக்கு ஓடும் கார்களுக்கும் சாரதிகளுக்கும் டிஎஃப்எல் லைசென்ஸே வேண்டும். உங்கள் ஏழு கார்களில் ஒன்றுகூட அந்த லைசென்ஸில் ஓட முடியாது. 2023 ஜனவரியிலிருந்து லண்டனில் புதிதாக லைசென்ஸ் கேட்கும் கார் மின்சாரக் காராகவோ செருகி மின்னேற்றும் கலப்புக் காராகவோ இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

லண்டனில் இருக்கும் எங்களுக்கு எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் 1995 இல் ஓடத் தொடங்கியபோது லண்டன் மினிகேப்புக்கு லைசென்ஸே கிடையாது. ஒரு கார், ஒரு வானொலிப் பெட்டி, மாடிப்படியின் கீழே ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கண்ட்ரோலர். அவ்வளவுதான். 1998 இல் சட்டம் வந்தது. பிறகு சில ஆண்டுகளில் முதலில் நிறுவனங்களுக்கு, அடுத்துச் சாரதிகளுக்கு, கடைசியில் கார்களுக்கு என்று படிப்படியாக அமல்படுத்தினார்கள். நான் அதை வரவேற்றவன். இரவில் யார் காரில் ஏறுகிறோம் என்று தெரியாமல் பெண்கள் ஏறிய காலத்தைக் கண்ணால் கண்டவன்.

ஆனால் இப்போது நடப்பது வேறு. என் நண்பர் ஒருவர், வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு முறைப்பாடு இல்லை. பயணிகளோடு ஆங்கிலம் பேசுவார், வழி தவற மாட்டார். பாதுகாப்பு, சமத்துவம், விதிமுறை பற்றி டிஎஃப்எல் சாரதிகளுக்கு வைக்கும் கணினிப் பரீட்சையில் மூன்று முறை தவறிவிட்டார். வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை இழுத்துவந்து பொருத்துவது அவருக்குக் கைவரவில்லை. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதற்கு யுத்தம் காரணம். இன்று அவரும் வெளியூர் பேட்ஜில் லண்டனுக்குள் ஓடுகிறார். சட்டத்தின் ஓட்டையை அவர் தேடிப் போகவில்லை. நாம்தான் அவரைப் படியிறக்கி அனுப்பினோம்.


வைகைக்கரை
பெப்ரவரி 9, பிற்பகல் 1.05

நான் மதுரைக்காரன், மான்செஸ்டர் பகுதியில் இருக்கிறேன். என்னுடைய பேட்ஜ் வுல்வர்ஹாம்ப்டன் பேட்ஜ். அந்த பேட்ஜோடு வெளியூர்களில் ஓடும் எங்களைப் பற்றித்தான் நாடு முழுவதும் பேசுகிறது என்பதால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மான்செஸ்டர் மாநகரப் பகுதியில் மட்டும் பத்து கவுன்சில்கள். பத்தும் தனித்தனியாக உரிமம் கொடுக்கின்றன. 2021 இல் பொதுவான குறைந்தபட்சத் தரம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். நல்ல நோக்கம். ஆனால் அந்தத் தரம் பத்து கவுன்சில்களின் ஓட்டுநர்களை மட்டும் கட்டுப்படுத்தும், என்னைக் கட்டுப்படுத்தாது. இன்று அந்தப் பகுதியில் ஓடும் தனியார் வாடகைக் கார்களில் ஏறத்தாழ பாதி வெளியூர் உரிமம் பெற்றவை என்று மேயர் ஆண்டி பர்னம் தரப்பே சொல்கிறது.

நான் முதலில் உள்ளூரில்தான் விண்ணப்பித்தேன். ஏழு மாதங்கள். ஊர் அறிவுத் தேர்வுக்கு இடம் கிடைக்க மூன்று மாதம், மருத்துவச் சான்றிதழில் ஒரு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி வரிசையில் கடைசி. வீட்டு வாடகை கட்டக் கடன் வாங்கினேன். வுல்வர்ஹாம்ப்டனில் சில வாரங்களில் கிடைத்தது. அங்கே சோதனை இல்லை என்று சொல்வது தவறு. குற்றப் பின்னணிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதுதான் அரசின் 2020 ஆம் ஆண்டுத் தரம். வுல்வர்ஹாம்ப்டன் அதைத் தினமும் பார்க்கிறது.

உள்ளூர்க் கவுன்சில் தன் எல்லைக்குள் ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் பேட்ஜ் கொடுப்பேன் என்று சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லி கவுன்சில் அப்படித்தான் விதி வைத்தது. பெரும்பாலும் நோஸ்லியில் ஓடுவேன் என்று சொல்கிறவருக்கே தனியார் வாடகை உரிமம் என்றார்கள். 2018 இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டம் கேட்பது முன்பதிவு எங்கே ஏற்கப்பட்டது என்பதை. கார் எங்கே ஓடுகிறது என்பதை அல்ல.


மகனின் அம்மா
பெப்ரவரி 9, இரவு 9.30

நான் சாரதியும் இல்லை, நிறுவனமும் நடத்தவில்லை. என் மகனுக்குப் பதினான்கு வயது. பேச்சு வராது. காலையும் மாலையும் கவுன்சில் ஏற்பாடு செய்யும் மினிகேப்பில் சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். வழியில் ஏதும் நடந்தால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லத் தெரியாத பிள்ளை.

அதனால் எனக்குப் பேட்ஜ் என்பது வியாபாரப் பிரச்சினை அல்ல. சென்ற ஆண்டு ஒரு நாள் வழக்கமான கார் வரவில்லை. வந்த காரின் பிளேட்டில் நான் கேள்விப்படாத ஓர் ஊரின் பெயர். சாரதி நல்லவராகவே தெரிந்தார், ஆனாலும் எங்கள் கவுன்சிலின் லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "அது எங்கள் கார் அல்ல, எங்களால் எதுவும் பார்க்க முடியாது" என்றார்கள். கார் என் வீட்டு வாசலில் நிற்கிறது, என் பிள்ளை உள்ளே இருக்கிறான், எங்கள் ஊர் அதிகாரிக்கு அதன் கதவைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இல்லை.

வட இங்கிலாந்தின் ரோதரம் நகரில் நடந்ததை மறந்துவிட்டுப் பேச வேண்டாம். 2014 இல் வெளிவந்த ஜே அறிக்கை, 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 பிள்ளைகள் அங்கே சீரழிக்கப்பட்டார்கள் என்று மதிப்பிட்டது. அதில் டாக்ஸிகளின் பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊர் விதிகளை இறுக்கிக் காருக்குள் கேமராவும் கட்டாயமாக்கியது. ஆனால் வேறு ஊர் பிளேட்டோடு அதே தெருவில் ஓடும் காருக்கு அந்தக் கேமரா விதி இல்லை. சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் தன் தெருவுக்குத் தானே விதி வைக்க முடியாது என்றால், அது என்ன உள்ளாட்சி?

2018 இல் அரசு அமைத்த குழு, பயணத்தின் ஒரு முனையாவது லைசென்ஸ் கொடுத்த ஊருக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொள்கையளவில் சரி என்ற அரசு, அதைச் சட்டமாக்கவில்லை. 2025 ஜூனில், பிள்ளைகள் மீதான பாலியல் சுரண்டல் பற்றிய லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கையும் வெளியூர் டாக்ஸிகளுக்கு முடிவு கட்டுங்கள் என்றே சொன்னது. இன்னும் எத்தனை அறிக்கை வேண்டும்?


எல்லையோரம்
பெப்ரவரி 10, நள்ளிரவு 12.20

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். என் நிறுவனமும் இரண்டு பள்ளி ஓட்டங்கள் செய்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் வேறு சாரதியை அனுப்புவதே இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நானே ஓடுகிறேன். முகம் மாறினால் அந்தப் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும்.

எந்த ஊர் அதிகாரியும் எந்த ஊர் காரையும் நிறுத்திப் பார்க்கலாம் என்ற அதிகாரம் நாளைக்கே வரட்டும். நான் முதல் ஆளாக என் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

ஆனால் அந்த ஒரு முனை விதி என்னைப் போன்றவனை என்ன செய்யும் என்று பொறுமையாகக் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு ஐயாவை செயின்ட் ஹீலியர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். அது லண்டன் எல்லைக்குள். அவரை இறக்கிய இடத்திலேயே, எங்கள் நிரந்தர வாடிக்கையாளரான ஓர் அம்மாவைக் கிங்ஸ்டனில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், சிகிச்சை முடிந்து மகள் வீட்டில் தங்கப் போகிறார். இரண்டு முனையும் லண்டன். இன்று அது சட்டப்படி சரி, ஏனென்றால் முன்பதிவை என் கடையில் ஏற்றேன். உங்கள் விதி வந்தால் அந்தக் கார் வெறுமையாக ஊர் திரும்ப வேண்டும். அந்த அம்மா தெரியாத நிறுவனத்தின் காரில் ஏற வேண்டும். நாட்டின் நடுவில், பெரிய மாவட்டத்துக்குள் கடை வைத்திருப்பவருக்கு இந்த விதி வலிக்காது. எல்லையில் கடை வைத்திருப்பவனுக்கு வட்டத்தின் பாதி வெட்டப்பட்டுவிடும்.


மகனின் அம்மா
பெப்ரவரி 10, காலை 7.50

நீங்கள் சொல்வது புரிகிறது, தம்பி. உங்களைப் போன்றவர்களை நான் நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: ஓர் ஊரில் பேட்ஜ் மறுக்கப்பட்டவர் அடுத்த ஊரில் போய் வாங்கிக்கொண்டு வந்தால், அதை எப்படித் தடுப்பீர்கள்?


வைகைக்கரை
பெப்ரவரி 10, முற்பகல் 11.10

அதற்கு 2022 இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, அம்மா. 2023 ஏப்ரல் 27 முதல், இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒருவரின் உரிமத்தை மறுத்தாலோ, இடைநிறுத்தினாலோ, பறித்தாலோ தேசியப் பதிவேட்டில் பதிந்தே ஆக வேண்டும். விண்ணப்பம் வந்தால் அதைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். 2018 இலிருந்து அந்தப் பதிவேடு இருந்தது, ஆனால் விரும்பினால் பதியலாம் என்ற நிலை. வெளியூர் ஓட்டுநரைப் பற்றி உங்கள் கவுன்சிலுக்குக் கவலை எழுந்தால் பத்து வேலை நாட்களுக்குள் உரிமம் கொடுத்த ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஊர் இருபது வேலை நாட்களுக்குள் முடிவெடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை "எங்கள் கார் அல்ல" என்று சொன்னால் இந்தச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். கதவைத் திறந்து பார்க்க முடியாவிட்டாலும், கவலையைக் கேட்டு எழுதி அனுப்பும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.


மகனின் அம்மா
பெப்ரவரி 10, பிற்பகல் 12.05

இதை எனக்கு எந்த அலுவலகத்திலும் யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. ஆனால் இருபது வேலை நாள் என்பது நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் காலையில் கார் வரும்.


கணக்குப்பிள்ளை
பெப்ரவரி 10, இரவு 8.45

எல்லையோரம் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். லண்டன் லைசென்ஸ் எடுக்கும் முன் வாட் வரியைப் பாருங்கள். நான் சிறு மினிகேப் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். இந்த ஜனவரியிலிருந்து என் மேசையில் வேறு பேச்சே இல்லை.

லண்டன் சட்டத்தின்படி பயணியோடு ஒப்பந்தம் செய்வது நிறுவனம் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் நிறுவனத்தினுடையது என்றால் முழுக் கட்டணமும் நிறுவனத்தின் விற்பனை. விற்பனை ஆண்டுக்கு 90,000 பவுணைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். பதினொரு கார் ஓடும் நிறுவனம் அதைச் சில மாதங்களிலேயே தாண்டிவிடும்.

லண்டனுக்கு வெளியே? அங்கேயும் அப்படித்தான் என்று ஊபர், செஃப்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் வாதாடியது. 2023 இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஊபரின் வாதத்தைத் தள்ளிவிட்டது. ஆகவே லண்டனுக்கு வெளியே நிறுவனம் சாரதியின் முகவராக இருக்கலாம். பயணத்தை விற்பவர் சாரதி. பெரும்பாலான சாரதிகளின் வருமானம் 90,000 பவுணுக்குக் கீழே, ஆகவே கட்டணத்தில் வாட் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விமான நிலைய ஓட்டம் ஒன்று, பயணி கொடுப்பது 60 பவுண். லண்டன் லைசென்ஸில், வாட் பதிவு செய்த நிறுவனம் என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு, 10 பவுண், அரசுக்கு. சுற்றுவட்டத்துக்கு இந்தப் பக்கம் முகவராக இருந்தால் அந்த 10 பவுண் இல்லை. உங்கள் வருமானம் சாரதிகள் வாரந்தோறும் கட்டும் தொகை மட்டும். வாரம் 120 பவுண், பதினொரு சாரதி, ஐம்பது வாரம் என்று வையுங்கள்: 66,000 பவுண். வாட் பதிவே தேவைப்படாது. ஒரே கார், ஒரே பயணி, ஒரே வீதி.

முன்பு பெரிய நிறுவனங்கள் சுற்றுலா நிறுவனங்களுக்கான இலாப வரம்புத் திட்டம் ஒன்றைப் பயன்படுத்தி, முழுக் கட்டணத்துக்குப் பதில் தங்கள் இலாபத்துக்கு மட்டும் வாட் கட்டி வந்தன. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அதை மூடிவிட்டது. 2026 ஜனவரி 2 முதல் அமல். அதற்குப் பிறகு ஊபரும் லண்டனுக்கு வெளியே முகவர் முறைக்கு மாறிவிட்டது. எது கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்களோ அதே முறைக்கு.

ஒரு எச்சரிக்கை. "முகவர்" என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. விலையை யார் தீர்மானிக்கிறார், பணம் யாருக்குப் போகிறது, பயணிக்கு என்ன சொல்லப்பட்டது, எல்லாம் பார்க்கப்படும். உங்கள் பழைய ஒப்பந்தங்களை ஒருமுறை சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.


நிலவொளி
பெப்ரவரி 11, காலை 10.00

நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் ஒரு விடயம் யாரும் சொல்லாததால் சொல்கிறேன். நாங்கள் லண்டனில் இருந்தபோது என் கணவர் ஓய்வில் இருக்கும் நேரம் அவருடைய காரை நான்தான் எடுத்துப்போவேன். காப்புறுதியில் என் பெயரும் இருந்தது. வெளியூருக்குக் குடிபெயர்ந்து, அங்கே லைசென்ஸ் எடுத்த பிறகு காப்புறுதித் தரகர் சொல்லித்தான் தெரியும்: லண்டனுக்கு வெளியே, பிளேட் ஏறிய கார் எந்நேரமும் தனியார் வாடகைக் கார்தான். பேட்ஜ் இல்லாதவர் பால் வாங்கப் போகக்கூட ஓட்டக் கூடாது. 1997 இலேயே நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம்.

நான் இரண்டு மாதம் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஒரு விபத்து நடந்திருந்தால்? இரண்டாவது காருக்குக் காசு சேர்க்க ஒன்பது மாதம் ஆயிற்று. அதுவரை குளிரில் பிள்ளைகளோடு பஸ்ஸில் போனேன். ஊர் மாறுகிறவர்கள் தயவு செய்து இதை முதலில் கேளுங்கள்.


பழைய வானொலி
பெப்ரவரி 11, பிற்பகல் 3.30

பிள்ளை, நல்லவேளை எழுதினீர்கள். முப்பது ஆண்டு ஓடிய எனக்கே இது புதிது, ஏனென்றால் நான் லண்டனை விட்டு லைசென்ஸ் எடுத்ததே இல்லை.

எல்லையோரம் தம்பிக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2015 அக்டோபரிலிருந்து ஒரு கவுன்சிலின் ஆப்பரேட்டர், தான் ஏற்ற ஓட்டத்தை வேறு கவுன்சிலின் ஆப்பரேட்டருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். லண்டன் ஆப்பரேட்டருக்கும் கொடுக்கலாம். அங்கே அவருடைய லைசென்ஸ், அவருடைய கார், அவருடைய சாரதி என்று மூன்றும் பொருந்தியிருந்தால் போதும். ஆனால் பயணிக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். நீங்கள் ஏற்ற ஓட்டம், ஏதும் பிழைத்தால் உங்களிடம்தான் கேட்பார்கள்.


எல்லையோரம்
பெப்ரவரி 11, இரவு 11.55

ஐயா, அந்த 2015 மாற்றம் எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. சிறியவர்களுக்கு உதவி என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். உண்மையில் யாருக்கு உதவியது? இருபது கவுன்சில்களில் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒரு கிளையில் ஏற்ற ஓட்டத்தைத் தன் இன்னொரு கிளைக்குத் தானே கைமாற்றிக்கொள்கிறது. அதனிடம் எந்த ஊர் பேட்ஜோடு சாரதி வந்தாலும் வேலை உண்டு. என்னிடம் ஒரே லைசென்ஸ். என் ஊர் பேட்ஜ் உள்ளவருக்கு மட்டுமே வேலை. சாரதி எங்கே போவார்?

அதனால்தான் சொல்கிறேன், இது வெளியூர் சாரதிக்கும் உள்ளூர் சாரதிக்கும் இடையிலான சண்டை அல்ல. இங்கிலாந்தில் லைசென்ஸ் கொடுக்கும் அமைப்புகள் 263. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரீட்சை, தனிக் கட்டணம், தனி வயது வரம்பு. இந்த வேறுபாட்டை வாங்கிப் பயன்படுத்தப் பணம் உள்ளவனுக்கு அது சந்தை. பணம் இல்லாதவனுக்கு அது வேலி. என் கவுன்சில் வைத்த ஒவ்வொரு கடுமையான விதியும் பயணியைப் பாதுகாக்க என்று சொல்லப்பட்டது. நடந்தது என்ன? அந்த விதிக்குக் கட்டுப்பட்ட என் கார்கள் குறைந்தன, கட்டுப்படாத கார்கள் அதே தெருவில் கூடின. 2023 இல் போக்குவரத்து அமைச்சே காருக்கு வயது வரம்பு வேண்டாம், புகையையும் பாதுகாப்பையும் பாருங்கள் என்று வழிகாட்டியது. வழிகாட்டிதானே, கட்டாயம் இல்லை. எங்கள் கவுன்சில் அசையவில்லை.

நாடு முழுவதும் ஒரே தரம் வரட்டும். கடுமையாகவே வரட்டும். கேமரா வேண்டுமா, எல்லோருக்கும் கேமரா. தினமும் சோதனையா, எல்லோருக்கும் தினமும். அப்போது என் சாரதி தூர ஊருக்குப் போவதற்கு ஒரு காரணமும் இருக்காது.


வைகைக்கரை
பெப்ரவரி 12, காலை 9.20

வட அயர்லாந்தில் அப்படித்தான் இருக்கிறது, அண்ணா. கவுன்சில்களுக்கு அங்கே வேலையே இல்லை, ஒரே அரசு முகமை எல்லோருக்கும் உரிமம் கொடுக்கிறது. என் மைத்துனர் பெல்ஃபாஸ்ட்டில் ஓட்டுகிறார். "எந்த ஊர் பேட்ஜ்" என்ற கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

இங்கே சட்ட ஆணைக்குழு 2014 இலேயே தேசியத் தரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கேசி அறிக்கைக்குப் பிறகுதான் அசைந்தார்கள். அதிகாரப் பகிர்வு மசோதாவில் தேசியக் குறைந்தபட்சத் தரத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். உரிமம் கொடுக்கும் வேலையைச் சிறு கவுன்சில்களிடமிருந்து எடுத்துப் பெரிய போக்குவரத்து அமைப்புகளிடம் கொடுப்பது பற்றியும் 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையிலிருந்து பேச்சு நடக்கிறது. ஆனால் "குறைந்தபட்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு மேலே ஒவ்வோர் ஊரும் தன் விதியைச் சேர்க்கலாம் என்றால், மறுபடியும் மலிவான ஊரைத் தேடும் வேலை தொடங்கும். நானே தேடுவேன், மறைக்க விரும்பவில்லை. எனக்கு மாதா மாதம் கார்த் தவணை இருக்கிறது.


மகனின் அம்மா
பெப்ரவரி 12, மாலை 6.40

எல்லோருக்கும் ஒரே தரம் என்பதில் எனக்கும் சம்மதம். ஒரு முனை விதியை நான் இன்னும் விடவில்லை. ஆனால் முன்பதிவு எடுத்த ஊரின் நிரந்தர வாடிக்கையாளருக்கும் மருத்துவமனை, பள்ளி ஓட்டங்களுக்கும் விலக்கு வேண்டும் என்று சேர்த்து எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். எல்லையோரம் தம்பி சொன்ன அந்த அம்மாவின் கதையையும், ஊர் பெயர் போடாமல், எழுதினேன். தவறாக நினைக்க வேண்டாம்.


எல்லையோரம்
பெப்ரவரி 14, இரவு 10.15

தவறாக நினைக்கவில்லை அக்கா. நன்றி.

இந்த வாரம் செய்தவற்றை எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம். லண்டன் லைசென்ஸ் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன், கணக்குப்பிள்ளை அவர்களின் 60 பவுண் கணக்கே போதும். தூர ஊர் லைசென்ஸும் வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்கு அப்பால் ஓர் அறையை வைத்துக்கொண்டு அதைக் கடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாரதிகளோடு இருக்கும் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி பார்க்கிறார்.

பழைய வானொலி ஐயா தனிமடலில் டோல்வர்த்தில் இருக்கும் ஓர் ஆப்பரேட்டரை அறிமுகம் செய்துவைத்தார். லண்டன் லைசென்ஸ், ஆறு கார், நம்மவர். என்னால் எடுக்க முடியாத ஓட்டங்களை அவருக்குக் கைமாற்றவும், அவர் தன் நெருக்கடி நேரத்தில் எனக்குக் கொடுக்கவும் பேசியிருக்கிறோம். பள்ளி ஓட்டங்களை மட்டும் யாருக்கும் கைமாற்றுவதில்லை என்று முதல் வரியிலேயே எழுதிக்கொண்டோம்.

எங்கள் கவுன்சில் தன் டாக்ஸிக் கொள்கையை மீளாய்வு செய்கிறது, கருத்துக் கேட்கிறார்கள். வயது வரம்பை நீக்குங்கள், விண்ணப்பத்துக்கு நான்கு வாரக் காலக்கெடு வையுங்கள் என்று இரண்டே விடயங்கள் எழுதினேன். போன நான்கு சாரதிகளிடமும் அவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கி இணைத்தேன். மூன்று பேர் அன்றே கொடுத்துவிட்டார்கள். நான்காமவர், அந்த எட்டு ஆண்டுக்காரர், நேற்று இரவு ஓட்டம் முடித்துக் கடைக்கு வந்து, என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் மாற்றுவது என் பொறுப்பு. கடைசித் திகதி வெள்ளிக்கிழமை.